ஸ்டார்ட் இல்லாத கம்ப்யூட்டர்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தோவாளையில் பூ வாங்கினால், தண்ணீர் தெளித்து எடை கூட்டியிருக்கிறார்களா என்று ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைக்கச் சொல்வேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் காரணமில்லாமல் சிரித்தால் கைப்பையை இந்தப் பக்கம் மாற்றிக்கொள்வேன். "இவளக் கட்டப்போறவன் பாடு பெரும்பாடாக்கும்" என்று அம்மை சொல்லுவாள். அந்தக் கட்டப்போகிறவனைத் தேடித்தான் அவள் அப்போது தரகர் தரகராக அலைந்துகொண்டிருந்தாள். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

சுனாமி வந்துபோய் நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நாகர்கோவிலில், வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்யாண அழைப்பிதழ், செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள் வைக்கிற அடியந்திரத்தின் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பயோடேட்டா, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் அடிப்பேன். அப்பா இறந்த பிறகு வேறொருவர் கடையில் பல வருடம் சம்பளத்துக்கு டைப் அடித்து, சீட்டு பிடித்து, ஒவ்வொரு கம்ப்யூட்டராக வாங்கிப் போட்ட கடை அது. அம்மையும் நானும் சாப்பிட்டது அதில்தான். சாப்பாடு கிடக்கட்டும், இந்த ஊரில் யார் முன்னாலும் கை கட்டி நிற்காமல் நான் உட்கார ஒரு நாற்காலி இருந்தது என்றால் அங்கேதான் இருந்தது. அது போய்விட்டால் நான் திரும்பவும் எவர் கடையிலாவது சம்பளத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

மூன்றிலும் ஓடியது விண்டோஸ். பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டரைப் பூட்டித் தந்தவர் ஒரு சி.டி.யைப் போட்டு அதையும் ஏற்றிக் கொடுத்தார். சி.டி.யின் மேல் மார்க்கர் பேனாவால் நீளமாக ஒரு நம்பர் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கடையிலும் அதே சி.டி., அதே நம்பர். ஊரோடு ஒத்து வாழ்வதாக நினைத்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன். இன்டர்நெட் இணைப்பு எடுத்த பிறகுதான் வினை வந்தது. திரையின் கீழே, வலது மூலையில், 'உங்களிடம் இருப்பது அசல் அல்ல' என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பு முளைத்தது. மூடினால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வரும். வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போது வந்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். கடைசியில் மூன்று மானிட்டரிலும் அந்த மூலையில் சாமி படம் ஒட்டினேன்.

"என்னக்கா, சாமிய மூலையில கொண்டு ஒட்டியிருக்கிய?" என்று கேட்டவர்களிடம், "நடுவுல ஒட்டினா எழுத்து தெரியாதுல்லா" என்று சொல்லி வைத்தேன்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து ரீசார்ஜ் கடைக்காரர் ஒரு கதையோடு வந்தார். அவர் கையில் சாயா டம்ளர் இருந்தால் வாயில் கதை இருக்கும்.

"கேட்டியா, திருநெல்வேலி பக்கம் ரெய்டாம். கள்ள சாப்ட்வேர் வச்சிருக்க கடையாப் பாத்து சி.பி.யூ.வத் தூக்கிட்டுப் போறாவளாம். முதல்ல போலீஸ் வராது. எவனாவது ஒருத்தன் ஒரு பேப்பர் காப்பி எடுக்க வருவானாம். சுத்திமுத்திப் பாப்பான். கம்ப்யூட்டர் எத்தன, பில் இருக்கா, கடை யாரு பேர்லன்னு பேச்சுவாக்குல கேப்பான். அடுத்தாப்புல வரும்ப ஆளோட வருவான்."

"நீங்க பாத்தியளா அண்ணே?"

"நான் எங்க பாத்தேன். சொன்னவன் பாத்திருக்கான்."

அவர் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பாதி என்று தெரியாததுதான் கஷ்டம். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பேப்பர் காப்பி எடுக்கத்தான் வருவார்கள். அன்றிலிருந்து அத்தனை பேரையும் ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கினேன். ரேஷன் கார்டை நீட்டிய ஒரு கிழவரிடம், "எதுக்கு காப்பி?" என்று நான் கேட்ட கேட்பில் அவர் கார்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

மேசை இழுப்பறையில் வேறொரு சி.டி. கிடந்தது. ஆய்வேடு அச்சடிக்க வந்த ஒரு கல்லூரி டீச்சர் கொடுத்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். சாமி படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, இதப் போடுங்க. லினக்ஸ். விண்டோஸே வேண்டாம். லைசென்ஸ் தொல்லையும் இல்ல, வைரஸும் அவ்வளவா வராது."

"எவ்வளவு டீச்சர்?"

"பைசா ஒண்ணும் வேண்டாம். சும்மாதான்."

அந்தச் சும்மாவில்தான் எனக்குக் குத்தியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், குளம்பையும் பார்ப்பேன். உலகத்தில் எவனோ ராவும் பகலும் உட்கார்ந்து எழுதியதை ஏன் எனக்குச் சும்மா தர வேண்டும்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"இத எழுதினவங்க எழுதினதை எல்லாம் அப்படியே வெளிய வச்சிருக்காங்கக்கா. யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்."

"கள்ளனும் படிப்பான்லா?"

"கள்ளன் படிச்சா, பிடிக்கிறவனும் படிப்பான்லா" என்றாள் அவள்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பதில் சொல்கிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். சி.டி.யை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

ரெய்டு கதை வந்த பிறகு பூட்டைத் திறந்தேன். மூன்றில் ஓரத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை மட்டும் பலி கொடுப்பதென்று முடிவு. டீச்சரே ஒரு சனிக்கிழமை வந்து ஏற்றிக் கொடுத்தாள். திரையைப் பார்த்தால் ஆள் இல்லாத வீடு போல இருந்தது. இடது மூலையில் கீழே எப்போதும் இருக்கும் ஸ்டார்ட் பட்டனைக் காணோம். எல்லாம் மேலே ஒரு பட்டையில், வேறு வேறு பெயர்களில் இருந்தது. மூலையில் குறிப்பும் முளைக்கவில்லை. அது முளைக்காதது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏன் முளைக்கவில்லை, எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் மனம் போயிற்று.

நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மோடத்தில் பச்சை விளக்கு மினுங்கியது. நான் ஒன்றும் அனுப்பவில்லை, பின்னே யார் அனுப்புகிறார்கள்? வயரைப் பிடுங்கினேன். மினுங்கல் நின்றது. திரும்பச் சொருகினால் மினுங்கியது. டீச்சருக்கு போன் போட்டேன். விண்டோஸிலும் அப்படித்தான் மினுங்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றாள். விண்டோஸில் போட்டுப் பார்த்தேன், அதுவும் மினுங்கத்தான் செய்தது. இத்தனை நாள் எத்தனை பேர் என் வீட்டுக்குள் வந்துபோனார்களோ என்று அன்றைக்கு இரண்டின் மேலும் சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. எதை ஏற்றப் போனாலும், எதை மாற்றப் போனாலும், பாஸ்வேர்டு கேட்டது. நான்தான் முதலாளி, என் கம்ப்யூட்டர்தான், இருந்தாலும் நீ யார் என்று கேட்டது. அந்தக் குணம் எனக்குத் தெரிந்த குணம்.

அந்த ஆள் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த வெள்ளை அரைக்கைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை. எதிரே சாயாக்கடையில் நின்று கொஞ்ச நேரம் என் கடையின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு ரோட்டைத் தாண்டி வந்து பையைத் திறந்து ஒரு கரண்ட் பில்லை எடுத்து நீட்டினார்.

"ஒரு காப்பி எடுக்கணும் மக்கா."

காப்பி எடுத்துக் கொடுத்தேன். பைசாவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு கம்ப்யூட்டரா? எல்லாம் ஓடுகா?"

"ஓடும் சார்."

"புதுசா வாங்குனதா? பில்லு எல்லாம் இருக்குமா?"

"இருக்கும்."

"வேலை நல்லா வருகா? கடை யாரு பேர்ல?"

ரீசார்ஜ் கடைக்காரர் சொன்ன கேள்விகள் ஒவ்வொன்றாக வரிசை மாறாமல் வந்தன. எனக்குத் தோன்றியது ஒன்றுதான், இது என் கடை என்று மட்டும் இந்த ஆளுக்குத் தெரியக் கூடாது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் இங்க சம்பளத்துக்கு நிக்கியவளாக்கும். ஓனரு திருவனந்தபுரத்துல."

அவர் முகம் சட்டென்று மாறியது. "அப்பிடியா? உனக்கு இதுல பங்கு ஒண்ணும் கிடையாதா?"

"ஒரு கம்ப்யூட்டர் ஒயரு கூட எனக்கில்ல சார்."

என்னையும் கம்ப்யூட்டர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். காப்பி எடுத்த கரண்ட் பில்லை மெஷினிலேயே மறந்துவிட்டுப் போனார். காப்பி எடுக்கவா வந்தான் இவன் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பில்லில் இருந்தது நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு ஊர். பெயரும் தெரியாத பெயர்.

அன்று சாயங்காலமே டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். மற்ற இரண்டையும் மாற்றியாயிற்று. நல்ல எண்ணம் வந்து மாறினேன் என்று சொன்னால் அது பொய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நானும் அரண்டுதான் மாறினேன். அதற்குக் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. பேஜ்மேக்கர் சாப்ட்வேரில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த அழைப்பிதழ்கள் எதுவும் இதில் திறக்கவில்லை. பிள்ளையார் படம் வைத்தது, சிலுவை வைத்தது, பிறை வைத்தது, அடியந்திரக் கார்டின் கறுப்புக் கரை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். தமிழ் எழுத்து சில இடங்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக வந்து நின்றது. ஸ்கேனர் வேலைநிறுத்தம் செய்தது. "பழைய கார்டு மாதிரி இல்லயே" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஒரு நாள் ஆத்திரத்தில் கீபோர்டைத் தட்டிய தட்டில் ஒரு கட்டை கழன்று ரோட்டில் போய் விழுந்தது. ஆனாலும் கடையைத் திறக்கும்போது முன்பு இருந்த நடுக்கம் இல்லை. வாடா, வந்து பார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். கூடவே ஒரு வாலிபனும் வந்தான்.

டெக்னிக்கல் ஆளைக் கூட்டி வந்திருக்கிறான் என்று உடனே பிடித்துக்கொண்டேன். வாலிபனுக்குப் பயோடேட்டா அடிக்க வேண்டுமாம்.

"சொல்லுங்க, நான் அடிச்சுத் தாறேன்."

"இல்ல, நானே அடிச்சுக்கிடட்டா?" என்றான் அவன்.

கடைக்கு வருகிற அந்த வயதுப் பையன்கள் எல்லாம் வாய் நிறைய அக்கா என்பார்கள். இவன் அக்கா என்றும் சொல்லவில்லை, மேடம் என்றும் சொல்லவில்லை. மொட்டையாகப் பேசினான். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. நடுக் கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்தான். நான் பின்னால் நின்று அவன் கையையே பார்த்தேன். அம்புக்குறி இடது மூலைக்கு இறங்கிப் போய் அங்கேயே சுற்றியது. மேலே போகும், திரும்பவும் அதே மூலைக்கு வரும். வலது மூலைச் சாமி படத்துக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று விரலால் ஓரத்தைத் தூக்கியும் பார்த்தான்.

"இதுல ஸ்டார்ட் எங்க இருக்கு?"

"இதுல ஸ்டார்ட் கிடையாது" என்றேன். எத்தனை நாள் காத்திருந்து சொன்ன வார்த்தை! "விண்டோஸே இங்க கிடையாது சார். மூணும் லினக்ஸாக்கும். லைசென்ஸும் வேண்டாம், பில்லும் வேண்டாம். எவன் வந்தாலும் இங்கேருந்து ஒரு ஸ்க்ரூவக் கூடக் கழத்த முடியாது."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீ இல்லாம வேற ஒருத்தன் வந்து இருந்து இத ஓட்ட முடியாதோ?"

"உடனே முடியாது. உக்காந்து படிக்கணும். எனக்கே உயிர் போயி வந்துது."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயோடேட்டா அடிக்காமலேயே எழுந்தார்கள். பெரியவரைக் கூப்பிட்டுப் பழைய கரண்ட் பில்லையும் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் தலை மறைந்ததும் ரீசார்ஜ் கடைக்காரருக்கும் எனக்கும் ரசவடை வாங்கினேன். ரெய்டுக்காரனையே திருப்பி அனுப்பிய பொம்பளை என்று அவர் அன்று முழுதும் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் நாற்காலியில் நான் அன்றைக்கு உட்கார்ந்தது போல் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மை அடுக்களையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தேங்காய் பாதி திருவியபடி கிடந்தது.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"தரகரு போன் பண்ணினாரு. அந்த எடம் வேண்டாம்னுட்டாவ. கடை ஒனக்கில்லன்னு நீயே சொன்னியாமே? ஓனரு திருவனந்தபுரத்துல இருக்கான்னியாமே? கடை ஒனக்குத்தான்னு தரகரு அடிச்சுச் சொல்லி இன்னைக்குத் திரும்ப வந்து பாத்தாவளாம், அப்பவும் நீ ஒன் கடைன்னு சொல்லலியாம். ஏட்டி, பொய் சொல்லி பெண்ணு குடுக்கப் பாத்தம்னு எங்க மூஞ்சியில துப்பாத குறையாப் பேசினாவளாம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஆள் விட்டு விசாரிப்பது எங்கள் பக்கத்தில் புதிதா என்ன? தாய்மாமனோ பெரியப்பாவோ முன்பின் தெரியாதவர் போல வந்து கடையில் நிற்பார், பஸ் ஸ்டாப்பில் நிற்பார், பெண்ணைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார். எங்கள் தெருவுக்கு வந்த எத்தனையோ மாமன்மாரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு நான் சிரித்திருக்கிறேன். எனக்கு வந்த மாமனுக்கு நான் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பொய்யும் சொல்லியிருக்கிறேன்.

"அந்த ஆளு எதுக்கும்மா கம்ப்யூட்டரு எத்தன, பில்லு இருக்கான்னு கேட்டான்?"

அம்மை மூக்கைச் சிந்தினாள். திரும்பவும் கேட்டேன்.

"பையன் துபாய்ல வேல போயி வந்து சும்மா இருக்கானாம். இருந்து பாக்க ஒரு தொழில் வேணும்னாவ. நம்மகிட்ட நகை போட என்ன இருக்கு மக்கா? பெண்ணுக்குக் கடை உண்டு, மூணு கம்ப்யூட்டரு உண்டுன்னு சொன்னேன். அவன் கடையில இருப்பான்..."

"நான்?"

"நீ வீட்டுல இருந்தாப் போதும்னு சொன்னாவ."

கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நான் பயந்ததில் ஆளைப் பற்றித்தான் தப்பு. காரியத்தைப் பற்றி ஒன்றும் தப்பில்லை. என் கம்ப்யூட்டர்களை எண்ணிப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகத்தான் ஒருவர் வந்திருந்தார். போலீஸ் வந்திருந்தால் சி.பி.யூ.வை மட்டும்தான் எடுத்திருப்பார்கள். இவர்கள் நாற்காலியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கிறேன் என்று சொன்னது என் அம்மை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ சம்மதிப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன?"

அவள் மேல் வந்த கோபத்தோடு பரிதாபமும் வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளும் பயந்துதான் செய்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு இருண்டது என் வயது.

பிறகு அம்மை திருவுபலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"பையன் எப்பிடி இருந்தான்? இன்னைக்கு அவனும் வந்தானாமே. நீ பாத்திருப்பியே."

யோசித்துப் பார்த்தேன். மீசை உண்டா? கறுப்பா, வெளுப்பா? ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்த மாப்பிள்ளையை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கைய மட்டுந்தான் பாத்தேன்மா. ஸ்டார்ட்டு எங்க ஸ்டார்ட்டு எங்கன்னு மூலையிலயே கிடந்து தேடிச்சு."

"கிடைக்கலியா?"

"இருந்தால்லா கிடைக்கும்."

"அப்ப அவனுக்கு நம்ம கடையில ஒண்ணும் செய்யத் தெரியாதா?"

"தெரியாது."

அம்மை தேங்காய் திருவுவதை நிறுத்தினாள். அழுது சிவந்த கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்திருந்தது.

"பின்ன எதுக்குட்டி கடையக் கேட்டான்?"